சுக்கான் பிடிக்கும் தொழில்

கூபர்நெட்டிஸ் என்பது, கப்பலிற் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருளுக்கும் அதுவே பெயர். கொள்கலன்கள் எனப்படும் பொதிகளில் அடைத்த மென்பொருள்களைப் பல கணினிகளிற் பரப்பி, ஒன்று வீழ்ந்தால் வேறொன்றை எழுப்பிக் காப்பது அதன் வேலை. சுக்கான் பிடிப்பவன் வந்தபின் சுக்கான் வேண்டாமா? அடுத்த ஆண்டிலேயே ‘ஹெல்ம்’ வந்தது. நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் ஒவ்வொரு கட்டளை போதும் என்றார்கள். என் போன்றோர் அதனை நம்பியே பிழைக்கிறோம்.

ஆயினும் என் மனத்தாங்கலைச் சொல்லாதிருக்க முடியவில்லை. கச்சேரி வாசலிற் பெட்டிசம் எழுதுபவரை வாசகர்கள் அறிவர். அவராவது நம் குறையை விளங்கிக்கொண்டு எழுதுவார். ஹெல்மோ அச்சிட்ட படிவத்தின் வெற்றிடங்களை நிரப்பும். நிரப்பியதன் பொருள் அதற்குத் தெரியாது. அது ஆக்கித்தரும் ‘யாமல்’ ஏட்டில், வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே எது எதற்கு உட்பட்டது என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே, “இங்கே நான்கு இடம் விடு, அங்கே எட்டு இடம் விடு” என்று நாமே எண்ணிச் சொல்ல வேண்டும். வெறுமையை எண்ணிச் சம்பளம் வாங்குபவன் உலகில் நான் ஒருவனல்லன் என்பதே ஆறுதல். எட்டு இலக்க எண்ணொன்றை மேற்கோட்குறியின்றிக் கொடுத்தாலோ, அதைத் தசமமாக்கி, விஞ்ஞானிகள் எழுதும் அடுக்கு முறையில் நீட்டிவிடும்!

சென்ற ஆண்டு ஓரிரவு, எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சம்பளக் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். மறுநாட் காலை பல குடும்பங்களுக்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். மழையில் இணைப்பு அறுந்தது. மீண்டு வந்து பார்த்தால் பாதி புதியது, பாதி பழையது. மறுபடி முயன்றபோது, “வேறொரு வேலை நடைபெறுகிறது” என்று ஹெல்ம் மறுத்துவிட்டது. நடைபெறுவதாக அது சொன்ன வேலை, அறுந்துபோன எங்கள் வேலையேதான்! முந்திய பதிப்புக்குத் திரும்பச் செய்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது. சம்பளம் தவறவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ‘டில்லர்’ என்று அளவுக்கு மீறிய அதிகாரத்துடன் உள்ளே குந்தியிருந்த துணைநிரலை, 2019 நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் நீக்கினார்கள். அது நல்ல காரியம். இடைவெளி எண்ணும் வேலை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

இப்போதெல்லாம் நிறுவுமுன், ஹெல்ம் ஆக்கிய ஏட்டை முழுவதும் அச்சிடச் செய்து வாய்விட்டு வாசிக்கிறேன். அடுத்த அறையில் இருக்கும் அம்மா, நான் இராக்காலத்திலாவது தேவாரம் படிக்கத் தொடங்கிவிட்டேனென்று மகிழ்ந்திருக்கிறார். நானும் மறுத்துச் சொல்லவில்லை.