எடை விழுந்தால் இறுகும் கயிறு

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில் மகாராஜபுரம். ஊரைச் சுற்றி மலையடிவாரம் வரை தென்னந்தோப்புகள். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தோப்பில் காய் வெட்டு நடக்கும். அப்படியொரு வெட்டு நாளில் மரம் ஏறும் இரண்டு பேரோடு இருந்தேன். மூத்தவர் தளைக்கயிற்றில் ஏறுகிறவர். அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும் இளைஞர் கருவியில் ஏறுகிறவர்.

தளைக்கயிறு என்பது திரித்த கயிற்றில் ஒரு வளையம், அவ்வளவுதான். மூத்தவர் இரு பாதங்களையும் அதற்குள் நுழைத்து, மரத்தை இருபுறமும் உள்ளங்காலால் கவ்வினார். உடம்பின் கனம் இறங்கும்போது பாதங்கள் விலகப் பார்க்கும், வளையம் விலகவிடாது, கால்கள் மரத்தில் அழுந்தும். கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்கினால் கயிறு தளரும், இரு கால்களும் ஒன்றாக மேலே போகும். "கயித்துல கனத்தைக் குடுக்கணும் தம்பி. பயந்துக்கிட்டுக் கையிலயே தொங்குனா வழுக்கிரும்" என்றார். அந்தக் கயிறு அழுத்தி அழுத்தி அவர் புறங்காலில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது.

மலையேறிகளின் முடிச்சிலும் இதே சூட்சுமம்தான். ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் 1931இல் எழுதி அறிமுகப்படுத்தியது அது. தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையத்தை இரண்டு மூன்று முறை சுற்றி, அதற்குள்ளேயே கோத்து எடுக்க வேண்டும். எடை விழுந்தால் முடிச்சு இறுகும். எடை நீங்கினால் கையால் தள்ள நகரும். முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒற்றை ஆள் பிடித்து நிறுத்தலாமே, அந்தக் கணக்குதான். ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது.

இளைஞரிடம் இருந்தது செம்பேரிக் கருவி. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் கம்பி வடம், மிதி, கைப்பிடி. மிதித்தால் வடம் மரத்தைக் கவ்வும், தூக்கினால் விடும். ஒன்று கவ்வியிருக்கும்போதுதான் மற்றதைத் தூக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி, மரம் ஏறிப் பழகாதவர்களையும் கருவியின் துணையோடு இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. நெஞ்சு தேயாமல், நின்றபடியே ஏறலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் தளையும் கருவியும் காலைத்தான் பிடிக்கின்றன. உச்சிக்குப் போனதும் ஒரு கை அரிவாளுக்குப் போய்விடுகிறது. குலையை எட்ட உடம்பு சாய்கிறது. பச்சை மட்டை என்று நம்பிப் பிடித்தது காய்ந்த மட்டையாக இருந்தால் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் ஆளைக் காப்பது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிவரும் மூன்றாவது கயிறு. இளைஞரிடம் பெல்ட் இருந்தது. சித்தப்பாவிடம் இல்லை. "மேல போகப் போக மரம் சிறுக்குது, கயிறு தொளதொளங்குது. மறுபடி அவுத்துக் கட்ட எங்க நேரம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குப் புருசிக் முடிச்சே பதில். இடுப்புக் கயிற்றை அந்த முடிச்சால் பெல்ட்டில் இணைத்தால், மரம் சிறுக்கும் இடத்தில் முடிச்சைத் தள்ளிக் கயிற்றைக் குறுக்கிக்கொள்ளலாம், அவிழ்க்க வேண்டியதில்லை. மரம் வெட்டும் தொழிலில் வெளிநாடுகளில் இது அன்றாட வழக்கம். சுற்றும் கயிறு இடுப்புக் கயிற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும், ஆள் எடையைத் தாங்கும் தரமும் வேண்டும், தரையிலேயே தொங்கிப் பார்த்துப் பழக வேண்டும்.

நேரம் இல்லை என்று அவர் சொன்னதற்குக் காரணம் கூலிக் கணக்கு. மரத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில், கயிறு மாட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கையிலிருந்து போகிறது. மரம் ஏறுவோருக்கு வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அது விழுந்த பிறகு வரும் உதவி. விழாமல் இருக்கத் தேவையான பெல்ட்டையும் கயிற்றையும் தோப்புக்காரரும் காய் வியாபாரியும் வாங்கித் தர வேண்டும், அதை மாட்டும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும். வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருந்தும் ஊர்களில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.