ஓடைக்கரையில் ஒரு காலை

செய்யாறு பிறந்து பாலாற்றை நோக்கி இறங்கும் சவ்வாது மலைக்கு யானும் நண்பர் இருவரும் சென்ற மாசித் திங்களின் இறுதியிற் சென்றிருந்தோம். பின்பனி இன்னும் கழியாத பருவம் அது. ஜமுனாமரத்தூரில் இரவு தங்கி, பொழுது புலருமுன் அருகிலுள்ள ஓர் ஓடைக்கரை வழியே நடக்கலானோம். கையிற் பறவை நூலும், கழுத்தில் தொலைநோக்கிக் கண்ணாடியும் இருந்தன. நெஞ்சில், பலவும் அறிந்தோம் என்னும் செருக்கும் சிறிது இருந்தது.

எம்மை முதலிற் கண்டுகொண்டது ஆள்காட்டி. அதன் கூக்குரல் கேட்டு, நீர்மேற் சாய்ந்த கிளையில் இருந்த மீன்கொத்தி நீலச் சிறகு மின்னப் பறந்தகன்றது. வந்த பிழையை உணர்ந்து பாறையொன்றில் அசையாது அமர்ந்தோம். கால் நாழிகை சென்றபின் சாம்பல் வாலாட்டி ஒன்று எதிரே வந்திறங்கியது. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள். வாலோ ஓயாமல் மேலும் கீழும் அசைந்தது. குளிர்காலத்தைத் தென்னாட்டு மலையோடைகளிற் கழித்துவிட்டு, வெப்பம் மிகுமுன் இமயத்தை நோக்கித் திரும்பும் பறவை இது. இன்னும் சில வாரங்களே இதற்கு இங்கு வாசம் என்றெண்ணியபோது, தேர்வு முடிந்தவுடன் பிரியவிருக்கும் எம் நிலையும் நினைவிற்கு வந்தது.

வெயில் ஏறியதும் பட்டாம்பூச்சிகள் தோன்றின. ஈரமணலில் வெளிர்மஞ்சள் நிறத்தன பல நெருங்கி அமர்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவை நாடுவது வெறும் நீரை அன்று. மண்ணிற் கரைந்த உப்பையே. அங்ஙனம் கூடுவனவற்றுட் பெரும்பாலானவை ஆண்களே என்பர். கரைமேல் அடர்ந்து பூத்திருந்த உண்ணிச்செடிப் புதரிலோ, நீல வரியன்களும் கரிய சிறகினவும் மொய்த்தன. அக்காட்சியில் மெய்ம்மறந்த யான், "நம் விடுதி முற்றத்தில் இச்செடியை வரிசையாக நடவேண்டும்" என்றேன்.

மாடு ஓட்டிவந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் அதனைக் கேட்டு நின்றார். "தம்பி, நீங்கள் பூவைப் பார்க்கிறீர்கள். இது படர்ந்த இடத்தில் எங்கள் மாட்டுக்குப் புல் ஏது? இந்தத் தழையைத் தின்றால் மாட்டுக்கு நஞ்சு. முன்பு இந்தக் கரையிற் பெருமருந்துக் கொடி கிடைக்கும், இப்போது தேடி அலைகிறேன்" என்றார். "ஐயா, அறியாது சொன்னேன்" என்பதன்றி எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தேனைப் பட்டாம்பூச்சி பருகும். ஆனால் அந்தப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அதன் இலையை உண்ணமாட்டா. பெரியவர் தேடிய பெருமருந்துக் கொடியோ, சிவந்த உடலுடைய அழகியொருத்தியின் மக்கட்குத் தொட்டில். விருந்து வைத்துப் பிள்ளைகளின் சோற்றைப் பறிக்கும் வீட்டை யான் புகழ்ந்திருந்தேன்!

தமிழ்நாட்டரசு 2019-ஆம் ஆண்டில் 'தமிழ் மறவன்' என்னும் பட்டாம்பூச்சியை மாநிலச் சின்னமாக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் புழுவை வளர்ப்பது நீரடிமுத்து மரம். 1940-களிற் புதிய மருந்துகள் வருமுன், தொழுநோயாளர்க்குக் கைகொடுத்ததும் அவ்வின மரங்களின் எண்ணெயே. சிறகைப் போற்றும் நாம், அதனை ஈன்ற இலையின் பெயரையேனும் அறிந்தோமா?

ஊர் திரும்பியபின் விடுதி முற்றத்தில் உண்ணிச்செடி நடும் எண்ணத்தைக் கைவிட்டோம். அதற்கு மாறாக எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டோம். மதிலோரம் தானே முளைத்த எருக்கையும் வெட்டாது விட்டோம். அண்மையிற் கறிவேப்பிலைக் கன்றின் பாதி இலைகளைப் புழுக்கள் தின்று தீர்த்தன. சமையற்காரர் முறையிட்டார், யாங்கள் மகிழ்ந்தோம்.