இருவருக்கான அளவு

டென்மார்க்கின் ஆக உயர்ந்த இயற்கை மேடு மொல்லெஹோய், 170.86 மீட்டர். 'வானமலை' என்று பொருள்படும் ஹிம்மெல்பியர்கெட் அதைவிடத் தாழ்வு, 147 மீட்டர்தான். இந்தத் தட்டை நிலத்தில் ஹிமாலயன் என்ற பெயருள்ள மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்து அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை திருவொற்றியூரில் இருந்தது; நான் வளர்ந்ததும் அங்கேதான். 2016இல் வந்த ஹிமாலயனும் சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு. இங்கே ஒன்று பழைய வண்டியாக விற்பனைக்கு வந்தபோது வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

மலை இல்லையென்றாலும் கரடுமுரடு உண்டு. காட்டுக்குள் மோட்டார் வண்டி ஓட்ட அனுமதியில்லை. மிஞ்சுபவை மேற்கு யூட்லாந்தின் பொதுச் சரளைச் சாலைகள். டிராக்டர்கள் போய்வந்து பள்ளம் விழுந்தவை. சில இடங்களில் துணி துவைக்கும் கல்லைப்போல வரிவரியாக எழும்பியவை. சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி உருண்டாலே மணலில் அந்த வரிகள் தாமாக எழும் என்று 2007இல் இயற்பியலாளர்கள் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சாலைகளில் என் பின்னால் உட்கார்ந்து வருபவள் பதினாறு வயது மகள். வீட்டில் எங்கள் பேச்சு சாப்பாடு, பள்ளிக்கூடம், வைஃபை என்ற அளவோடு நின்றுவிடும். ஹெல்மெட்டுக்குள் பொருத்திய இன்டர்காமில் அப்படியில்லை. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, தோழியோடு சண்டை, பாட்டி இறந்தபோது ஏன் என்னை ஊருக்குக் கூட்டிப்போகவில்லை என்பது வரைக்கும் வரும். பாதி டேனிஷ், பாதி தமிழ். போன இளவேனிலில் ஒரு நாள் இறங்கியதும், "அப்பா, இனிமே நான் வரலை. முதுகு வலிக்குது" என்றாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் அடிமட்டம் வரை போய் 'டங்' என்று இடித்ததை நானும் உணர்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில் வண்டி வேலை தெரிந்த ஈழத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளின் கடைசியில் வன்னியிலிருந்து வந்தவர். நான் பெரிய ஷாக் அப்சார்பர்களின் விலைப்பட்டியலோடு போய் நின்றேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்கட நிறை எவ்வளவு?"

சொன்னேன்.

"பிள்ளையின்ர?"

அதுவும் சொன்னேன். "அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, உடுப்பு, ஹெல்மெட் எல்லாத்தோடையும்."

எந்தத் தொழிற்சாலையும் சராசரி ஆள் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடும். இந்த வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழுமாக 180 மில்லிமீட்டர் அசையலாம், முன்சக்கரம் 200. ஆள் ஏறியதும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அப்போதுதான் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடம் இருக்கும். நான் மட்டும் உட்கார்ந்தபோது பின்பக்கம் 62 மில்லிமீட்டர் அமுங்கியது. மகளும் ஏறியதும் 95. கிளம்புவதற்கு முன்பே பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. குறை வண்டியுடையது அல்ல, நாங்கள் ஏற்றிய பாரத்தின் கணக்கு.

"வளையத்தை இறுக்கினால் போதாதா அண்ணா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். இறுக்கினா சீட் உயரும். ஸ்பிரிங்கின்ர பலம் கூடாது."

ஸ்பிரிங் அடியை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும்; வைத்துக்கொண்டதை அப்படியே திருப்பி எறியும். அந்த வேகத்தை அடக்குவது ஷாக்குக்குள் சிறு துவாரங்கள் வழியே பிதுங்கும் எண்ணெய். அடியின் ஆற்றல் அங்கே சூடாக மாறிக் கரைகிறது. எண்ணெய் குறைவாகத் தடுத்தால் வண்டி குதிக்கும். மிகையாகத் தடுத்தால் சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வரிவரியான சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து இறுகிப்போகும். மென்மையாக இருப்பதுதான் சுகம் என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிது. முதுகைக் காப்பாற்ற இன்னும் பலமான ஸ்பிரிங்தான் வேண்டியிருந்தது.

பின்னால் எங்கள் இருவர் நிறைக்கேற்ற ஸ்பிரிங்கோடு, திரும்பும் வேகத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஷாக். முன் ஃபோர்க்கில் பலமான ஸ்பிரிங், கூடவே பெரிய அடி விழும்போது மட்டும் அகலத் திறந்து எண்ணெய்க்கு வழிவிடும் சிறு வால்வுகள். மொத்தச் செலவைக் கேட்ட மனைவி, "ஊருக்கு ஒரு டிக்கெட்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வேலை நடந்த இரண்டு சனிக்கிழமைகளில் அண்ணன் அதிகம் பேசவில்லை. ஃபோர்க்கில் புது எண்ணெயை அளந்து ஊற்றும்போது மட்டும் சொன்னார். பொருளாதாரத் தடைக் காலம். பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடிய ஹோண்டா எம்.டி. 90. வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் காய்ச்சல்காரரையும் இரவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவாராம். "ஃபோர்க்குக்கு ஊத்த ஒயில் எங்கால? ஆளை இருத்திப்போட்டு சீட்டை ஒருக்கா அமத்திப் பாப்பன். எவ்வளவு தாழுதெண்டு பாத்துத்தான் எவ்வளவு மெதுவா ஓட வேணுமெண்டு முடிவெடுக்கிறது." அவர் என்னிடம் முதலில் நிறையைக் கேட்டது ஏன் என்று அப்போது புரிந்தது. அந்த இருட்டில் பின்னால் இருந்தவருக்காகக் கற்றுக்கொண்ட கேள்வி அது.

இப்போது இருவரும் ஏறினால் பின்பக்கம் 60 மில்லிமீட்டர் அமுங்குகிறது. ஜூனில் ரோமோ தீவுக்குப் போனோம். அங்கே கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டலாம். போகும் வழியில் முப்பது கிலோமீட்டர் சரளை. பள்ளங்கள் இருக்கத்தான் செய்தன; இடிக்கவில்லை. மகள் இன்டர்காமில் முதல் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, திருவொற்றியூர் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பற்றியும் பாட்டி அந்தப் பக்கம் மீன் வாங்கப் போவதைப் பற்றியும் மணல் வரும்வரை சொல்லிக்கொண்டு போனேன்.

தனியாக ஓட்டினால் அதே ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்புதான். அண்ணன் இரண்டு அளவுகளை ஒரு சீட்டில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கிறார்: 'ஒராள்', 'ரெண்டு பேர்'. எது எத்தனை திருகு என்று கீழே இருக்கிறது. மகளுக்குப் பதினெட்டானால் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு அவளே உரிமம் எடுக்கலாம்; அதற்கான பேச்சும் தொடங்கிவிட்டது. அதுவரைக்கும் அலுவலகத்துக்குத் தனியாகப் போகும்போதும் நான் இரண்டாவது அளவை மாற்றுவதில்லை.