மோவாப் பாறையும் முரண்டு பிடித்த ஸ்டீயரிங்கும்

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், மோவாப் என்று ஒரு ஊர் இருக்கிறது. 2020 சென்ஸஸ்படி ஜனத்தொகை 5,300 சொச்சம். நம் பக்கத்தில் பெரிய ஹீரோ படம் ரிலீஸானால் முதல் நாள் தியேட்டர் வாசல்களில் இதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். ஆனால் இந்தச் சின்ன ஊரின் மெயின் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜீப், ஜீப், ஜீப்! அதுவும் சாதா ஜீப் இல்லை. ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடப்பட்டு, யானைக்கால் சைஸில் டயர் மாட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் செம்மண் அப்பிக்கொண்டு திரிகிற முரட்டு ஜீப்.

காரணம், ஊரைச் சுற்றியிருக்கும் பாறை. சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன்னால் காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள், அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டன. நவாஹோ மணற்பாறை என்பது ஜியாலஜிக்காரர்கள் வைத்த பெயர். பொதுஜனம் வைத்த பெயர் 'ஸ்லிக் ராக்'. அதாவது வழுக்குப் பாறை. லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் வந்த பெயர். ரப்பர் டயருக்கோ நேர் எதிர். உப்புத்தாள் மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சுவர் போல நிற்கிற சரிவில்கூட வண்டிகள் பல்லி மாதிரி ஏறுவதைப் பார்த்தால் நமக்குத்தான் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது.

1952-ல் சார்லி ஸ்டீன் என்கிற ஜியாலஜிஸ்ட் இந்த வட்டாரத்தில் யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. யுரேனியம் தேடி வந்தவர்கள் மலையிலும் பள்ளத்திலும் தடம் போட்டார்கள். யுரேனியம் மவுசு போனது, தடங்கள் தங்கிவிட்டன. 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் இங்கே ஜீப் சஃபாரி நடத்துகிறார்கள். ஒரு பாதையின் பெயர் 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்'. நரகத்தின் பழிவாங்கல்! பெயரைக் கேட்டதுமே நான் காரைவிட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் நான் போனது அந்த ஜீப்புகளைப் பார்க்க அல்ல. என் மைத்துனனின் லாரியைப் பார்க்க. அதன் உயரம் என் முழங்காலுக்குப் பாதி.

மைத்துனன் ஸால்ட் லேக் ஸிட்டியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மனைவியின் தம்பி கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, நாலு மணி நேரம் டிரைவ். எனக்கு முன் சீட். லாரிக்குப் பின் சீட், பெல்ட் போட்டு.

"என்னடா, பொம்மைக்குப் போய் இவ்வளவு மரியாதை?" என்றேன்.

"பொம்மைன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா. இது க்ராலர். அப்புறம், இதோட விலையை அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

விலையைச் சொன்னான். நான் அடுத்த முப்பது மைலுக்குப் பேசவில்லை.

ரேடியோ ரிமோட்டில் ஓடும் கார்கள் என்றால் 'விர்ர்'ரென்று பறப்பவைதானே நமக்குத் தெரியும்? க்ராலர் அந்த ஜாதி இல்லை. நிஜ ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு சைஸ். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே சுமார் 31 செ.மீ. இரண்டு மூன்று கிலோ எடை. வேகம்? ரேஷன் கடை க்யூ இதைவிட வேகமாக நகரும். பாறையில் உருளாமல், கவிழாமல், யோசித்து யோசித்து ஏறுவதுதான் இதன் வித்தை. நாலு சக்கரத்துக்கும் பவர் உண்டு. டிஃபரன்ஷியலை அசையாமல் பூட்டிவிடுகிறார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கட்டும் என்பதற்காக. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வளைவில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற அடம்பிடிப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பப் பயங்கர பலம் தேவை.

அந்தப் பலத்தைத் தருவதுதான் ஸர்வோ. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. உள்ளே ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், 'இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்ள ஒரு ஸென்ஸார். ரிமோட்டில் நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்களோ, அதன் கை அவ்வளவு திரும்பி நிற்கும். ஒரு செ.மீ. நீளக் கையின் நுனியில் 20, 25 கிலோவைத் தாங்குகிற ஸர்வோக்களை இந்த லாரிகளில் சர்வசாதாரணமாக மாட்டுகிறார்கள்.

கேள்வி என்னவென்றால், இந்த டப்பாவை எங்கே மாட்டுவது?

ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரு வழி, ஸர்வோவை முன் ஆக்ஸில் மேலேயே உட்கார வைப்பது. பிராஞ்ச்சிலேயே மேனேஜரைப் போடுகிற மாதிரி. சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் ஸர்வோவும் கூடவே ஏறி இறங்கும். உத்தரவுக்கும் வேலைக்கும் நடுவே தூரம் மாறாது, தப்பு நடக்காது. எடையும் கீழே இருப்பதால் வண்டி சுலபத்தில் கவிழாது. இன்னொரு வழி, ஸர்வோவை மேலே சேஸிஸில் மாட்டி, நீளமான ஒரு ராடு மூலம் சக்கரத்தைத் திருப்புவது. இது ஹெட் ஆபீஸ் நிர்வாகம். மேலே ஒருவர் உத்தரவு போடுவார்; கீழே நிலவரம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருக்கும்!

சரித்திரமும் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியிருக்கிறது. 1987-ல் ஜப்பானின் டாமியா கம்பெனி 'க்ளாட் பஸ்டர்' என்ற ராட்சச டயர் லாரியைக் கொண்டுவந்தது. அதில் ஸர்வோ சேஸிஸில். வண்டி குலுங்கினால் ஸ்டீயரிங்கும் குலுங்கியது. ரசிகர்கள் செய்த முதல் வேலை, ஸர்வோவைப் பிடுங்கி ஆக்ஸிலில் மாட்டியது. பிறகு கலிஃபோர்னியாவில் பிறந்த ஆக்ஸியல் கம்பெனி 2007-ல் ஏஎக்ஸ்10 என்ற க்ராலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸர்வோ ஆக்ஸிலில். பாறை ஏறுவதில் கெட்டிக்கார வண்டி. ஆனால் முகத்துக்கு நேரே கறுப்பு டப்பா துருத்திக்கொண்டு, மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி ஒரு தோற்றம். ரசிகர்களின் ஆசையும் மெல்ல மாறியது. வெறுமனே ஏறினால் போதாது, நிஜ ஜீப் மாதிரியே இருந்துகொண்டு ஏற வேண்டும்! 2016-ல் வந்த எஸ்ஸிஎக்ஸ்10 இரண்டாவது மாடலில் ஸர்வோ மறுபடி சேஸிஸுக்குப் போனது. 2017-ல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 லாரியிலும் அப்படியே.

போனது மட்டுமல்ல, இந்தத் தடவை கையோடு ஒரு துணையையும் கூட்டிக்கொண்டு போனது. அதன் அருமையை நான் தெரிந்துகொண்டது மோவாப் பாறையில்தான்.

ஊருக்குக் கிழக்கே ஸாண்ட் ஃப்ளாட்ஸ் என்ற மேட்டுநிலம். கட்டணம் கட்டி உள்ளே போனோம். பத்து மணிக்கே வெயில் சுள்ளென்றது. மைத்துனன் ஒரு பாறைத் திட்டைத் தேர்ந்தெடுத்தான். ஒரு சாண் உயரப் படி. படியின் இடது பக்கம் சரிவு. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடி ஆழம். லாரியின் விலை ஞாபகத்துக்கு வந்தது.

லாரி படியை நெருங்கியது. இடது சக்கரம் மெதுவாகப் படியில் தொற்றி ஏறியது. ஏறியதுதான் தாமதம், முன் சக்கரங்கள் இரண்டும் தாமாகவே வலது பக்கம் திரும்பின. பாதாளத்தைப் பார்த்து!

"ஏய், நேரா விடுடா!"

"நான் திருப்பவே இல்லை மாமா! விரலே வைக்கலை!"

நிஜம்தான். அவன் பின்னுக்கு எடுத்தான். மறுபடி ஏற்றினான். மறுபடி அதே கதை. மூன்றாம் தடவை வலது டயர் விளிம்பைத் தொட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். லாரியைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். சக்கரங்கள் வலது பக்கம் திரும்பின. கையை எடுத்தார். நேராகின. மறுபடி அமுக்கினார். மறுபடி திரும்பின. சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்தார். ஸர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் சாய்வில் ஒன்றைப் பிடித்தார். அதற்குப் பக்கத்திலேயே, சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குக் குறுக்கே போகும் இன்னொரு ராடின் சாய்வில் மற்றதைப் பிடித்தார்.

ஒரு பென்சில் கிட்டத்தட்டப் படுத்திருந்தது. மற்றது பார்க் சறுக்குமரம் மாதிரி சரிந்திருந்தது.

அந்தக் குறுக்கு ராடுதான் நான் சொன்ன துணை. பெயர் பன்ஹார்ட் ராடு. பழைய ஃபிரெஞ்சுக் கார் கம்பெனியின் பெயர் அது. அது இல்லாவிட்டால், சேஸிஸில் இருக்கும் ஸர்வோ ராடைத் தள்ளும்போது சக்கரம் திரும்பாது; ஆக்ஸிலே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதனால் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்த பன்ஹார்ட் அவசியம். ஆனால் அது ஒரு பக்கம் கீல் போட்ட கதவு மாதிரி. ஆக்ஸில் மேலே போகும்போது நேராகப் போகாமல் ஒரு வட்டத்தின் ஓரத்தில் வளைந்து போகும். ஸ்டீயரிங் ராடும் அதே மாதிரி தன்னுடைய வட்டத்தில் வளையும். இரண்டு வட்டமும் ஒன்றானால் பிரச்னை இல்லை. வேறு வேறானால், அந்த வித்தியாசம் சக்கரத்தின் தலையில் விடியும். அது திரும்பிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை 'பம்ப் ஸ்டீயர்' என்கிறார்கள். மேடு திருப்பும் ஸ்டீயரிங்!

நம் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிகள் ஒரே நீளமாக, ஒன்றுக்கொன்று நேராகத் தொங்கினால் பலகை ஆடினாலும் சமமாகவே இருக்கும். ஒரு சங்கிலியை நாலு வளையம் குறைத்து மாட்டிப் பாருங்கள். பாட்டி விழுந்துவிடுவாள். இங்கேயும் அதே சட்டம்தான். ஸ்டீயரிங் ராடும் பன்ஹார்ட் ராடும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே சாய்வு. அவ்வளவே.

மைத்துனன் என்ன செய்திருந்தான் என்றால், வண்டி உயரமாக இருக்கட்டும் என்று நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டி, ஸர்வோவை வாஷர் கொடுத்து மேலே தூக்கியிருந்தான். ஸ்டீயரிங் ராடு சரிந்துவிட்டது. பன்ஹார்டை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டான்.

பெரியவர் ஆலன் கீ வாங்கினார். வாஷர்களைக் கழற்றி ஸர்வோவை இறக்கினார். சக்கரத்துப் பக்கம் அடியில் மாட்டியிருந்த ராடு நுனியை மேலே மாற்றினார். இரண்டு பென்சிலும் இப்போது ரயில் தண்டவாளம் மாதிரி நின்றன. பத்து நிமிஷ வேலை. முன்பக்கத்தை அமுக்கினார். சக்கரம் இம்மிகூடத் திரும்பவில்லை.

"மேல் லிங்க்கைச் சுருக்கி, சக்கர அச்சைப் பின்னால் சாய்த்துவிட்டால் இன்னும் நேராகப் போகும் இல்லையா?" என்று கேட்டான் மைத்துனன், தனக்கும் விஷயம் தெரியும் என்று காட்ட.

போகும்தான் என்றார் பெரியவர். ஆனால் அதே திருகலில் ஆக்ஸிலின் பின்பக்கம் கீழே குனியும். இன்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்ட்டின் கோணம் கெடும். ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். சஸ்பென்ஷனில் இனாம் என்று எதுவுமே கிடையாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தன் ஜீப்பைக் காட்டினார். அதன் அடியிலும் அதே இரண்டு ராடு, கைத்தடி கனத்தில்! இளவயதில் ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிவிட்டு, ஒரு ராடை மட்டும் சரிசெய்தாராம். ஹைவேயில், ஒரு சின்னப் பாலத்து மேட்டில், ஸ்டீயரிங்கைத் தொடாமலே ஜீப் பக்கத்து லேனுக்குப் பாய்ந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் மனைவி. எதிரே வண்டி இல்லாததால் இருவரும் பிழைத்தார்கள். "இங்கே விழுந்தால் பிளாஸ்டிக். அங்கே விழுந்தால் நாம்" என்றார்.

பத்தில் ஒரு பங்கு லாரியைப் பொம்மை என்று சொல்வதை நான் அந்த நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஸர்வோவை ஆக்ஸிலிலேயே வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் இந்தப் பாடமும் இல்லை. தெரிந்தே கஷ்டமான வழியைத் தேர்ந்தெடுத்து, பலத்தால் முடியாததைக் கணக்கால் முடிக்கிறார்கள். ஹெட் ஆபீஸிலிருந்தும் ஒழுங்காக நிர்வாகம் பண்ணலாம், கீழே நடப்பதோடு ஒரே சாய்வில் நிற்கத் தெரிந்தால்!

லாரி மறுபடி படிக்குப் போனது. இடது சக்கரம் தொற்றியது, ஏறியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரங்கள் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. பின் சக்கரமும் ஏறிவிட்டது. மூன்று பேரும் கை தட்டினோம்.

இறங்கும்போது குறுக்கு வழியில் நடக்கப் போனேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பாறைகளுக்கு நடுவே கறுப்பாக, அப்பளம் பொரிந்த மாதிரி மண் ஓடு. அது உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்துவைத்த ஓடு. ஒரு மிதி மிதித்தால் ஆறப் பல பத்து வருஷம் ஆகும். டயரானாலும் செருப்பானாலும் பாறைமேலேதான் போக வேண்டும் என்பது இந்த ஊர்க் கட்டளை. சுற்றிக்கொண்டே இறங்கினோம். லாரியும்தான்.

திரும்பி வரும் வழியில் மைத்துனன் கேட்டான்: "மாமா, அடுத்த வாரம் இதுக்கு ஒரு நல்ல ஸர்வோ வாங்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட கைமாத்தா ஏதாவது..."

அந்த நிமிஷம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தானாகவே!