ஜன்னலில் மாட்டிய தட்டு

கதீட்ரல் சாலையில் 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலில், மரநிழலில் காரை நிறுத்தினால் போதும். கண்ணாடியை இறக்கிய ஜன்னலிலேயே தட்டை மாட்டிப் பலகாரம் வைத்துவிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் போகிற எனக்கு அந்தத் தட்டின்மேல் தீராத ஆசை.

“நாம எப்பப்பா கார் வாங்குவோம்?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நாலு பேர் காதில் விழக் கேட்டிருக்க வேண்டாம். அப்பா பேசாமல் தம் வடையில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். அன்றைக்கு எனக்கு வடைதான் பெரிதாகப் பட்டது.

2008-ல் ஹோட்டலை மூடினார்கள். 2010-ல் அந்த இடம் செம்மொழிப் பூங்காவாயிற்று. நான் கார் வாங்கியது அதற்கும் பிறகு. அப்போது அப்பா இல்லை.

போன மாதம் பூங்கா வாசலருகே வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

“என்னப்பா, ஏ.ஸி. வேலை செய்யலையா?” என்றாள் என் பெண்.