பேய்க்கும் அந்தஸ்து உண்டு

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் பேய்க்கதை இல்லாத துரை பங்களாவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒன்றில் வெள்ளைக்காரத் துரை நடுச்சாமத்தில் குதிரையில் வருவார். இன்னொன்றில் துரைசாணி பியானோ வாசிப்பாள். பங்களாவில் அப்பு வேலை பார்த்தவர்களோடு லயத்துக்கு இறங்கி வந்த கதைகள் இவை. மழை நாளில் கரண்ட் போன இரவில் அடுப்படியில் குந்திக்கொண்டு கேட்க, இவற்றை மிஞ்சிய கதை கிடையாது. வயது ஏறிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது: அந்தப் பேய்கள் எல்லாமே இங்கிலீஷ் பேசின.

சின்னம்மா மகன் கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் இரவு வேலை பார்க்கிறான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போது கொழும்புப் பக்கம்தான் பிழைப்பு. தீபாவளிக்கு வந்திருந்தபோது அங்குள்ள பேயைப் பற்றிச் சொன்னான். ஆளில்லாத அறையிலிருந்து நடுராத்திரியில் ரிசப்ஷனுக்கு டெலிபோன் வருமாம். முதல் தடவை அந்த அறையைத் திறந்து பார்க்கப் போனபோது சாவி கையில் நிற்கவில்லையாம். பிறகு ஆள் வந்து சுவரைப் பிரித்தால், உப்புக்காற்றில் உறை அரித்துப்போன வயர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. விடியற்காலையில் கேட்கும் முனகலுக்குக் காரணம் பழைய தண்ணீர்க் குழாய்.

“அப்போ கெஸ்ட் கேட்டா வயருன்னு சொல்லிருவியா?” என்றேன்.

“ஐயோ அண்ணே, வயருன்னு சொன்னா அவங்க முகமே சுருங்கிப் போகுது. நானும் பார்த்திருக்கேன்னு சொன்னாத்தான் டிப்ஸ்.”

காசு கொடுத்துத் தங்குகிறவருக்குப் பேயும் ஒரு வசதிதான். ஆனால் எந்தப் பேய் என்பதில் தெரிவு இருக்கிறது. கல்கிசையில் உள்ள மவுண்ட் லவினியா ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 1805 முதல் 1811 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சர் தோமஸ் மெயிட்லண்ட் கட்டிய மாளிகை அது. 1877இல் ஹோட்டலானது. லொவினா என்ற நடனக்காரி இரவில் சுரங்கப் பாதை வழியாக ஆளுநரைப் பார்க்க வந்து போனாள் என்பது அங்கே காலங்காலமாகச் சொல்லப்படும் காதல் கதை. மெயிட்லண்ட் ஊரைவிட்டுப் போய் 1824இல் மால்டாவில் செத்துப்போனார். கதை மட்டும் கடற்கரையிலேயே தங்கிவிட்டது. அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு கதைகூட என் காதில் விழுந்ததில்லை.

மும்பைக் கதை இன்னும் வேடிக்கை. கடலைப் பார்த்து நிற்கும் தாஜ்மகால் ஹோட்டல் 1903இல் திறக்கப்பட்டது. கட்டடம் முன்பின் மாறி எழும்பிவிட்டதைக் கண்டு மனம் உடைந்த வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் சேம்பர்ஸ், மேலேயிருந்து குதித்துச் செத்தார், அவருடைய ஆவிதான் அங்கே உலாவுகிறது என்பார்கள். உண்மை வேறு. வாசல் நகரத்தின் பக்கம் இருந்தது திட்டத்தின்படிதான். சேம்பர்ஸ் குதிக்கவும் இல்லை. கட்டி முடிவதைப் பார்க்காமல் உண்மையிலேயே இறந்தவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா. வேலையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் அவர்தான். அவர் போன பிறகு மிச்சத்தை முடிக்க வந்தவர் சேம்பர்ஸ். சாகாதவருக்குப் பேய்ப் பட்டம் கிடைத்தது, செத்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊவாவிலும் இதே கணக்குதான். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய நினைவாகப் பதுளையில் சென் மார்க் தேவாலயம் எழும்பியது. நுவரெலியாவில் உள்ள கல்லறையைக்கூட இடி விடாமல் அடித்தது என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். அதே 1840களில்தான் மன்னாரில் இறங்கி, தோட்ட வேலைக்காகக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்த எங்கள் சனம் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரத்தில் விழுந்து மடிந்தது. அவர்களில் ஒருவருக்கும் பெயர் தெரிந்த ஆவி கிடையாது.

லயத்துச் சனங்களுக்குச் செத்தவர்களையும் கண்ணுக்குத் தெரியாததையும் கையாள வேறு முறை இருந்தது. தேயிலை ஸ்டோரில் ரோதமுனி என்ற சாமி இருப்பார். மெஷினில் தொழிலாளியின் கை மாட்டாமல் காப்பது அவர் பொறுப்பு. அதற்குச் சம்பளமாகச் சேவலும் சாராயமும் சுருட்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிட மலையில் கவ்வாத்துச்சாமி. வீட்டில் செத்தவர்களுக்கு வருசத்தில் ஒருநாள் வாழையிலையில் சோறும் கறியும், அவர்கள் விரும்பித் தின்றது எதுவோ அதுவும். ஹோட்டல் தன் பேய்க்குக் காதல் கதை கொடுக்கிறது. தோட்டம் வேலையும் சாப்பாடும் கொடுத்தது. இரண்டில் எது மரியாதை என்று கேட்டால், நான் வாழையிலைப் பக்கம்தான்.

கதையில்லாமல் மண்ணுக்குள் போவது பழைய காலத்தோடு முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் அந்த இடம். அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் நூறுகளில் சொன்னார்கள், பிறகு அந்தக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. தோண்டி எடுக்க முடியாதவர்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே ஆவி நடமாடுகிறதா என்று கேட்டு டிப்ஸ் கொடுக்க யாரும் வருவதில்லை.

பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: வீடும் பெயரும் கல்லறையும் இருந்தவர்களே செத்த பிறகும் கதையில் உலாவுகிறார்கள். நம்மவர்களில் பல பேருடைய புதைகுழிக்கு மேல் இன்று தேயிலை நிற்கிறது. உங்கள் வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், அடுத்த தடவை பேய்க்கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எந்த மலையில் யார் யாரைப் புதைத்தார்கள் என்று கேட்டு, பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.