நம்பிக்கையை அளந்த நம்பிக்கையாளர்

மனத்தை ஆராயும் அறிவியலாளர் தம் இறைநம்பிக்கையை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டுமா? ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கார்டன் ஆல்போர்ட் (1897–1967) இவ்வினாவிற்குத் தம் பணியாலேயே விடையளித்தார். ஆளுமை உளவியலைத் தனித்துறையாக நிலைநிறுத்திய அவர், அதே வளாகத்தின் சிற்றாலயத்தில் மாணவர்களுக்குத் தியான உரைகளும் ஆற்றிவந்தார்.

ஆயினும் ஆய்வு முடிவுகள் அவருடைய நம்பிக்கைக்குச் சங்கடம் தந்தன. அமெரிக்காவில் ஆலயம் செல்வோரிடம், செல்லாதோரைவிடச் சராசரியில் இன வெறுப்பு மிகுந்திருந்தது. ஆல்போர்ட் இதனை மறைக்கவில்லை. சமயத்தின் மீது பழிபோட்டு ஒதுங்கவுமில்லை. சமயத்தை மனிதர் எதற்காகக் கைக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பாதுகாப்பு, மதிப்பு, உறவுவட்டம் ஆகியவற்றுக்காகச் சமயத்தைப் பயன்படுத்துவது புறநோக்கு. சமயத்தையே வாழ்வின் நோக்கமாக ஏற்பது அகநோக்கு. மைக்கேல் ராஸுடன் இணைந்து, 6 திருச்சபைப் பிரிவுகளைச் சேர்ந்த 309 பேரிடம் நடத்திய ஆய்வை 1967இல் வெளியிட்டார். அகநோக்கினரைவிடப் புறநோக்கினரிடம் வெறுப்பு கூடுதலாக இருந்தது. சமயம் பற்றிய எல்லாக் கூற்றுகளுக்கும் வேறுபாடின்றித் தலையசைத்தவர்களிடமோ அது இன்னும் கூடுதலாக இருந்தது.

இவ்வாய்வு தமிழருக்கு அயலானதன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சுவரை மீண்டும் கோரியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். சுவரின் இருபுறமும் ஒரே திருப்பலியில் பங்கேற்றவர்கள்தாம் நின்றிருந்தார்கள்.

அமெரிக்கச் சபைகளுக்கென உருவான வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் இந்த அனுபவம் அதில் அகப்படாது. மேலும், தம்மைப் பற்றித் தாமே சொல்லும் விடைகளில் நல்லவராகத் தோன்றும் விருப்பமும் கலந்திருக்கும் என்பது இவ்வகை அளவுகோல்கள் மீது வைக்கப்படும் நியாயமான விமர்சனம்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும், மூணாறு, பீருமேடு மலைத்தோட்டங்களிலும் தமிழில் செபிக்கும் சபைகள் இன்றும் உள்ளன. அங்கே களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர், ஞாயிறுதோறும் ஆலயம் செல்கிறீர்களா என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. யாருடன் உண்கிறீர்கள், எங்கே பெண் கொடுக்கிறீர்கள், யார் அருகில் அடக்கம் செய்யப்பட உடன்படுவீர்கள் என்றும் கேட்க வேண்டும். விடை தம் சொந்தச் சபைக்கே எதிராக வந்தாலும், ஆல்போர்ட்டைப் போல் அதை அச்சேற்ற வேண்டும்.